ஆபீஸ் போகிறவர்களுக்கு மட்டும்

“வாடகை வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வீட்டுக்காரனுக்கே வாடகைக் கணக்குச் சொல்லித் தர்றியா? நீயெல்லாம் என்னைக்கு வீடு கட்டி, என்னைக்கு வாடகைக்கு விட்டு, இதெல்லாம் தெரிஞ்சுக்கிடப் போற?”

இதைச் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர். திருத்தங்கலில் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள் கட்டி, நான்கை வாடகைக்கு விட்டுவிட்டு முன்பக்கத்து வீட்டில் தானே குடியிருந்தவர். காம்பவுண்டின் நடுவிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மற்ற குடித்தனக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்க்கும்படி சொன்னார். சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போது நான் விருதுநகரில் பி.காம் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், அட்வான்ஸில் பாதியை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வேன் என்றார். குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும், அதற்கெல்லாம் அட்வான்ஸைப் பிடிக்க முடியாது, காலி செய்ய அவகாசமும் தர வேண்டும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “பேசாம வாத்தா. அண்ணாச்சி பெரியவுக.”

குற்றம் இதுதான். எங்கள் வீட்டுச் சுவரில், ஸ்விட்சைச் சுற்றியும் அடுப்படி நிலையிலும் வெள்ளி நிறத்தில் கைத்தடங்கள் இருந்தன. அம்மா பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துகிறவள். அந்த மருந்தில் சேரும் அலுமினியப் பொடி காது மடலிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். சுவரில் பட்டால் போகாது. தேய்க்கத் தேய்க்கப் பரவும். காலி செய்யச் சொன்ன பிறகும் அம்மா இரண்டு நாளாக ஈரத்துணியை வைத்து அந்தத் தடங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையளவு இருந்த தடம் தாம்பாளம் அளவுக்கு ஆனது.

அவர் எங்களுக்கு வீடு கொடுத்ததே ஒரு வார்த்தையால். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை. பயர் ஆபீஸ் என்பார்கள், சுருக்கி ஆபீஸ் என்பார்கள். விடிகாலையில் தூக்குவாளியோடு வேனுக்கு ஓடுகிற எல்லோரும் ஆபீஸுக்குத்தான் ஓடுகிறார்கள். வீட்டுக்காரர் ரொம்ப வருடம் சென்னையில் கடை வைத்திருந்துவிட்டு, அந்தப் பணத்தோடு ஊர் திரும்பிக் காம்பவுண்டு கட்டியவர். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் அவரிடம், “நல்ல குடும்பம் அண்ணாச்சி, அந்தம்மா ஆபீஸ் போறாக” என்றிருக்கிறார். அவர் மனதில் மேஜையும் ஃபேனும் வந்திருக்கின்றன. அம்மா காலையில் அவர் எழும்பும் முன்னே போய், இருட்டியபின் வருகிறவள். உண்மை தெரிய அவருக்குச் சில மாதங்கள் ஆயின. தெரிந்ததும் புரோக்கரைக் கூப்பிட்டுக் கத்தினார். புரோக்கர், “எந்த ஆபீஸுன்னு நீங்க கேக்கலையே அண்ணாச்சி” என்றாராம்.

அது ஆடி மாதம். ஆடியில் யாரும் குடி போவதில்லை, குடி வைப்பதும் இல்லை. கையில் பணத்தோடு நின்றாலும் “ஆவணி பெறக்கட்டும்” என்பார்கள். அது தெரிந்துதான் அவர் ஆடியில் எங்களை வெளியேற்றினார். தாயில்பட்டியில் சித்தி வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டுகிற தகரக் கொட்டகை இருந்தது. ஆட்டை வெளியே கட்டிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். அப்பா அச்சு பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவர், அவர் பாட்டுக்குத் தூங்கிவிட்டார். அம்மாவும் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் வீட்டுக் கண்ணாடியை உடைக்கலாமா என்று யோசித்தேன். கண்ணாடியை மறுநாளே மாற்றிவிடுவார். மாற்ற முடியாதபடி என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அந்த மனிதருக்குப் பெருமையே வாசலில் குடித்தனக்காரர்கள் எழுந்து நிற்பதுதான். நிற்க ஆளில்லாமல் செய்ய வேண்டும்.

ஆவணி பிறந்ததும் தாயில்பட்டியிலேயே ஒரு சின்ன வீடு பிடித்தோம். படிப்பு முடிந்ததும் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுத வேலை கிடைத்தது. அங்கே நாள் முழுக்கக் காதில் விழுகிற வார்த்தை வரத்து. உளுந்து வரத்து எப்படி, துவரை வரத்து எப்படி. விலை என்னவென்று கேட்பதற்கு முன்னால் எத்தனை லாரி நிற்கிறது, எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்று கேட்பார்கள். வரத்தைப் பார்த்தால் நாளைய விலை தெரியும். வீட்டுக்கும் வரத்து உண்டு என்று எனக்குத் தோன்றியது. வீட்டுச் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டிகள்தான் அந்த வரத்து. ஆவணியிலும் தையிலும் திருத்தங்கல் தெருக்களில் கட்டிலும் பீரோவும் குடமும் ஏற்றிக்கொண்டு அவை ஓடும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவற்றின் பின்னால் போனேன். எந்தத் தெருவிலிருந்து கிளம்புகிறது, எந்தத் தெருவில் இறங்குகிறது. இவ்வளவுதான் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது. வாடகைக்கு என்று தொங்கும் அட்டையில் எழுத்து வெளுத்திருந்தால் அங்கே வாடகை அதிகம். சில மாதத்துக்கு ஒரு தடவை அதே வீட்டில் புது அட்டை தொங்கினால் வாடகையில் கோளாறு இல்லை, வீட்டில் கோளாறு. பஸ் ரோட்டை ஒட்டிய வீடுகளுக்குத்தான் மதிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வீடுகள்தான் அடிக்கடி காலியாகின. ஆபீஸ் வேன் வந்து நிற்கிற முக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடுகூடக் காலி இல்லை. மற்ற தெருக்களில், மாற்றலாகிப் போகிற சம்பளக்காரர்களைத் தேடிப் பிடித்துக் குடிவைத்துவிட்டு, அவர்கள் போனதும் வீட்டைப் பூட்டிப் போட்டிருந்தார்கள் வீட்டுக்காரர்கள். ஊரை விட்டு நகராத ஆலைக்காரர்கள் வாசலில் வந்து நின்றால் துரத்தினார்கள்.

எப்படித் துரத்துகிறார்கள் என்று பார்க்க, வீடு தேடுகிறவளாகவே போனேன். ஒரு வீட்டுக்கார அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“எத்தன பேரு இருக்கீக?”

“மூணு பேருதான்க்கா. அம்மா ஆபீஸ் போறாக.”

“எந்த ஆபீஸு?”

“வேன் வாற ஆபீஸு.”

“அப்பச் சரிப்படாது தாயி. செவுரெல்லாம் கரியாக்கிருவீக. வெள்ளையடிச்சுக் கட்டுபடியாகல.”

“சீசன் முடிஞ்சா வாடகையும் வராதுல்ல?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

“அதெல்லாம் கரெக்டாத் தந்துருவாக. பொய் சொல்லக் கூடாதுல்லா. போனஸ் வாங்குன கையோட ரெண்டு மாசத்த முன்னாடியே குடுத்துருவாக. செவுருதான் தாயி, செவுரு.”

அவளுக்குத் தெரியாமல் அவள் சொல்லிவிட்டாள். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் வாடகை வராது என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்கிற காரணம். அது காரணமே இல்லை. சுவர் ஒன்றுதான் காரணம்.

அந்த அம்மாவின் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. எங்கள் பழைய வீட்டைப் போலவே அங்கேயும் குளியலறை கடைசியில் இருந்தது. வேனிலிருந்து இறங்குகிறவள் முன்னறையைத் தாண்டி, ஸ்விட்சைப் போட்டு, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, கொல்லைக்குப் போய்த்தான் குளிக்க முடியும். உடம்பிலிருக்கும் பொடி மொத்தமும் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். அம்மாவின் கைத்தடங்கள் இருந்த இடங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அத்தனையும் அந்த வழியில் இருந்தன. இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து தேய்த்தவள் அதற்காக வீட்டுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாள். கறை அவள் கையில் இல்லை. அவர் வீட்டு பிளானில் இருந்தது.

அன்றிலிருந்து நான் வீடு தேடவில்லை, இடம் தேடினேன். ஊர் முழுக்கத் தேடவில்லை. அவருடைய காம்பவுண்டுக்கு எதிரே ஒரு சின்ன மனை முள் மண்டிக் கிடந்தது. ஆடி பிறக்கும்வரை காத்திருந்து, முதல் வாரத்தில் அந்தப் பழைய புரோக்கரிடமே போனேன். எங்களை ‘ஆபீஸ்’ என்று சொல்லிக் குடிவைத்த அதே ஆள்.

“ஆடியில யாரும்மா இடம் முடிப்பா? ஆவணியில வா.”

“ஆவணியில பத்துப் பேரு வருவாக அண்ணே. இப்ப நான் ஒருத்திதான். அதான் வந்தேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ அந்தக் காம்பவுண்டுல இருந்த புள்ளதான?”

“ஆமா.”

“எதுத்தாப்லயா வாங்குற?” கொஞ்ச நேரம் சிரித்தார். “சரி, பேசித் தாரேன். எனக்கும் அந்தாளு மேல கொஞ்சம் கோவம் இருக்கு.”

மனையின் சொந்தக்காரருக்கு அவசரத் தேவை இருந்தது. ஆடியில் வேறு யாரும் கேட்டு வராததால் விலை இறங்கியது. பேச்சை ஆடியில் முடித்து, பத்திரத்தை ஆவணியில் பதிந்தோம். என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்திருந்த நகை மனைக்குப் போனது. கட்டடத்துக்கு என் சம்பளத்தைக் காட்டி பேங்கில் கடன் வாங்கினேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, “கழுத்துல போட வேண்டியத மண்ணுல போட்டுட்டா” என்று அம்மாவிடம்தான் சொன்னார். அம்மா, “அவ கழுத்து, அவ மண்ணு” என்றாள்.

இரண்டு வீடுகளுக்குத் திட்டம் போட்டேன். முன்கேட்டைத் திறந்ததும் இடது கைப்பக்கம் குளியலறை, துணி துவைக்கிற கல், துணி மாற்றிக்கொள்ள ஒரு மறைப்பு. அதைத் தாண்டித்தான் வீட்டு வாசல். உள்ளே சுவரில் தோளுயரத்துக்கு டைல்ஸ். கொத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“வாசல்ல குளிக்கிற எடமா? வாஸ்து பாத்தா ஒருத்தனும் குடிவர மாட்டான் பாப்பா.”

“வாஸ்து பாக்கிறவுக வேண்டாம்ணே. வேன் பாக்கிறவுக போதும்.”

சுவர் எழும்ப எழும்ப எங்கள் பழைய வீட்டுக்காரர் எதிர்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாள் ரோட்டைத் தாண்டி வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை.

“என்னம்மா, கக்கூஸ முன்னால கட்டுறீங்க? நாங்க எதுத்தாப்ல உக்காந்து பாக்கவா?”

“குளிக்கிற ரூம் அண்ணாச்சி. கக்கூஸ் பின்னாலதான்.”

“யாருக்கு இந்த வீடு?”

“ஆபீஸ் போறவுகளுக்கு.”

அவர் முகம் மாறியது. அந்த வார்த்தை அவருக்கு மறக்கவில்லை. எங்களைத் துரத்திய பிறகு அவரே கேட்டில் ஒரு பலகை மாட்டியிருந்தார்: ‘வீடு வாடகைக்கு. ஆபீஸ் செல்பவர்களுக்கு மட்டும்.’ சென்னை வழக்கத்தில் எழுதிய பலகை. அதைப் படித்துவிட்டு தூக்குவாளியோடு பெண்கள் வந்து, “அண்ணாச்சி, நாங்க ஆபீஸ்தான்” என்று நின்றார்கள். பலகையை எழுதச் செலவழித்த மனிதர் அதைக் கழற்ற மனமில்லாமல் தினமும் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்.

வீடு முடிந்ததும் அவருக்குப் பலகை எழுதிய அதே ஆளைத் தேடிப் பிடித்தேன். அதே அளவு, அதே எழுத்து, அதே வாசகம். என் கேட்டில் மாட்டி, அவர் நாற்காலிக்கு நேராக வரும்படி திருப்பிவைத்தேன். நியாயமான காரியமா என்று யாராவது கேட்டால், இல்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் வந்தவளை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய காம்பவுண்டிலேயே குடியிருந்த பெண். கணவன் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன். பிரஸ் ஆள் என்று சொல்லித்தான் வீடு பிடித்திருந்தார்கள். அவள் ஆலைக்குப் போவது வீட்டுக்காரருக்குத் தெரியாது. சாயங்காலம் வேனிலிருந்து இரண்டு முக்குக்கு முன்னாலேயே இறங்கி, தெருக்குழாயில் தேங்காய் எண்ணெய் போட்டுக் காதையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவி, பையில் வைத்திருக்கும் வேறு சேலையைச் சுற்றிக்கொண்டுதான் காம்பவுண்டுக்குள் நுழைவாளாம். தண்ணீர் வராத நாளில் இருட்டும்வரை டீக்கடைக்குப் பின்னால் நிற்பாளாம். என் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. திருகி மூடினாள். “எப்ப வரலாம்?” என்றாள். வாடகையைக்கூடக் கேட்கவில்லை.

அவள் குடிமாற வண்டி தேவைப்படவில்லை. குறுக்கே ஒரு ரோடுதான். பாத்திரம், பாய், கேஸ் அடுப்பு, டிவி என்று ஒவ்வொன்றாகக் கையிலேயே தூக்கிக்கொண்டு அவர் நாற்காலிக்கு முன்னால் நடந்தார்கள். நானும் போய் ஒரு குடத்தைத் தூக்கினேன். நான் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பார்க்கட்டும் என்றுதான் தூக்கினேன்.

“ஏம்மா, என்ன கொறைன்னு காலி பண்றீங்க?” என்று அவளிடம் கேட்டார்.

“கொறையெல்லாம் இல்ல அண்ணாச்சி. அங்கன இருந்தா ஆபீஸுக்குப் பக்கம்” என்றாள் அவள், ரோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டி.

சிரிப்பில் குடம் கையிலிருந்து விழாமல் இருக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்கும் உடனே ஆள் வந்தது. இடம் கிடைக்காதவர்கள் எங்கள் தெருவிலேயே வேறு வீட்டுக்காரர்களிடம், “அங்கன மாதிரி முன்னால ஒரு குழாய் வச்சுத் தாங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிலர் வைத்தார்கள். அவர் வைக்கவில்லை. வைத்தால் என்னைப் பார்த்து வைத்ததாகிவிடும். அவருடைய காம்பவுண்டில் ஒரு சம்பளக்காரர் மாற்றலாகிப் போனார், இன்னொருவர் சொந்தவீடு கட்டிப் போனார். கேட்டில் அவர் மாட்டிய பலகையில் எழுத்து வெளுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் அது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

போன மாதம் அவர் வந்தார். அம்மாவும் நானும் குடித்தனக்காரர்களைப் பார்க்க வந்திருந்தோம். நான் வெளியே நாற்காலி எடுத்துப் போட்டேன். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?” என்றாள். பழைய குரல், பழைய மரியாதை. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட அம்மாமேல் வந்த கோபம் அதிகம்.

“ஒரே தெருவுல வீட்டுக்காரங்களா இருக்கோம். நமக்குள்ள ஒரு ஒத்துமை வேணும்மா” என்று ஆரம்பித்தார். “வாடகைய ஒரே மாதிரி வச்சுக்கிடுவோம். என் காம்பவுண்டுல இருக்கிறவுக வந்து கேட்டா இல்லேன்னு சொல்லிரு. உங்கிட்ட இருக்கிறவுக வந்தா நானும் சொல்லிருறேன்.”

“எங்கிட்ட இருந்து யாரும் வர மாட்டாக அண்ணாச்சி.”

அவர் தண்ணீரைக் குடித்தார். சொம்பை அம்மாவிடம் கொடுத்தார். “பழசெல்லாம் மனசுல வச்சுக்கிடாத.”

“வச்சுருக்கேன்” என்றேன்.

அம்மா, “ஏத்தா” என்றாள்.

“வச்சுருக்கேன் அண்ணாச்சி. ஆடி மாசம் ஆட்டுக் கொட்டகையில எங்கள இருக்க வச்சீங்க. அதையும் வச்சுருக்கேன். சிரிச்சீங்கல்ல, அதையும் வச்சுருக்கேன்.”

அவருக்குச் சிரிப்பு நினைவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் போனது ஆடியா ஆவணியா என்பதுகூட நினைவில்லை. அவ்வளவு சின்னக் காரியமாக இருந்திருக்கிறது அவருக்கு. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “இந்த ரெண்டு வீட்டையும் குடுக்கிறதா இருந்தா சொல்லு, நல்ல வெல தாரேன்” என்றார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவர் போனபின் அம்மா சொம்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “போதும்த்தா. எதுத்தாப்ல வீடு கட்டிட்ட, ஆளக் கூட்டிட்டு வந்துட்ட. அவரே நடந்து வந்துட்டாரு. இன்னும் என்ன வேணும்?”

நான் கேட்டைச் சாத்தினேன். அவள் கேட்பதற்கு ஒரு வாரம் முன்பே காரியம் முடிந்திருந்தது. அவர் காம்பவுண்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. சொந்தக்காரர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். கேட்பாரில்லாத இடம் என்று அவர் அதைத் தன்னுடையது போலவே வைத்திருக்கிறார். அவருடைய கார் நிற்பது அங்கேதான். புரோக்கர் மூலம் அவர்களிடம் பேசி, அக்ரிமென்ட் போட்டு, டோக்கன் கொடுத்துவிட்டேன். அந்தச் சுவரை ஒட்டி மூன்று வீடுகள் வரும், மூன்றுக்கும் முன்னால் குழாய் வரும். திங்கட்கிழமை சர்வேயர் அளக்க வருகிறார். காரை எடுக்கச் சொல்லி நான் அவரிடம் சொல்லவில்லை. அளக்க வருகிறவர் சொல்வார்.